மாற்று உறுப்பைக் காத்தோம், தோலை மறந்தோம்

தமிழ்நாட்டில் 2024-ஆம் ஆண்டில் மூளைச்சாவு அடைந்த 268 பேரின் உறுப்புகளை அவர்களுடைய குடும்பத்தினர் தானமாகக் கொடுத்தார்கள். அதற்கு முன் எந்த ஆண்டிலும் இத்தனை பேர் கொடுத்ததில்லை. 2008 செப்டம்பரில் சாலை விபத்தில் சிக்கி மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரனின் உறுப்புகளை, மருத்துவர்களான அவருடைய பெற்றோர் மனமுவந்து தந்தார்கள். அன்றிலிருந்து இந்த மாநிலம் வெகுதூரம் வந்திருக்கிறது. உறுப்பு தானம் செய்தவரின் உடலுக்கு அரசு மரியாதை செய்யப்படும் என்று 2023 செப்டம்பரில் முதல்வர் அறிவித்தார். லட்சக்கணக்கில் செலவாகும் அறுவை சிகிச்சை ஏழைக்கும் அரசு மருத்துவமனையிலேயே கிடைக்கிறது. வட சென்னை மக்கள் நம்பியிருக்கும் ஸ்டான்லி மருத்துவமனை 2009-லேயே கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சையைத் தொடங்கியது. 2018-இல் கை மாற்று அறுவை சிகிச்சையும் அங்கே நடந்தது.

இந்தப் பெருமைக்கு நாம் உரியவர்கள்தான். ஆனால், உறுப்பு பெற்றவர் நலமாக வீடு திரும்பி, வேலைக்கும் போகத் தொடங்கி, பத்து ஆண்டுகள், பதினைந்து ஆண்டுகள் கழிந்த பிறகு அவருக்கு நேரக்கூடிய ஓர் ஆபத்தை நாம் கண்டுகொள்ளாமல் இருக்கிறோம். அது தோல் புற்றுநோய். ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று நீளும் துறைமுக, தொழிற்சாலைப் பகுதியில் வாழும் உறுப்பு பெற்றோர் விஷயத்தில் இந்த அலட்சியத்தை இனியும் நீடிக்க விடக்கூடாது.

நோய் எப்படி வருகிறது என்பதை முதலில் பார்ப்போம். பிறருடைய சிறுநீரகமோ கல்லீரலோ இதயமோ நம் உடலுக்குள் வந்தால், நம் நோய் எதிர்ப்புச் சக்தி அதை அந்நியமாகக் கருதி அழிக்கப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், பிரட்னிசலோன் போன்ற மாத்திரைகளை வாழ்நாள் முழுக்க, வேளை தவறாமல் சாப்பிட வேண்டியிருக்கிறது. இவை எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைக்கின்றன. எதிர்ப்புச் சக்திக்கு இன்னொரு வேலையும் உண்டு. வெயிலின் புற ஊதாக் கதிர் தோலின் செல்களில் மரபணுவைச் சேதப்படுத்திக்கொண்டே இருக்கிறது. அப்படிக் கெட்டுப்போன செல்களை அடையாளம் கண்டு ஒழிப்பதும் அதே எதிர்ப்புச் சக்திதான். மாத்திரை அதை அடக்கியதும், கெட்ட செல் தப்பிப் பிழைத்துப் பெருக வழி கிடைத்துவிடுகிறது. மாற்று உறுப்பைக் காக்கும் மருந்து, தோலுக்கு இருந்த காவலையும் குறைத்துவிடுகிறது.

இது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை வெயிலும் வெளிர்த் தோலும் சேர்ந்த ஆஸ்திரேலியா முன்பே கண்டுவிட்டது. குயின்ஸ்லாந்து மாநிலத்தில் சிறுநீரகம் மாற்றப்பட்டவர்களை ஆராய்ந்து 1996-இல் வெளியிட்ட கணக்கின்படி, அறுவை முடிந்து 11 ஆண்டுகளில் 45 சதவீதம் பேருக்கும் 20 ஆண்டுகளில் 70 சதவீதம் பேருக்கும் தோல் புற்று வந்திருந்தது. வெயில் குறைந்த நெதர்லாந்தில் 10 ஆண்டுகளில் 10 சதவீதமாக இருந்தது, 20 ஆண்டுகளில் 40 சதவீதமாக ஏறியது. வெளிர்த் தோல் கொண்ட மக்களில், செதிள் செல் புற்று எனப்படும் வகை உறுப்பு பெற்றோருக்கு மற்றவர்களைவிட 65 முதல் 250 மடங்கு வரை அதிகமாக வருவதாகப் பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. சாதாரணமாக மெதுவாக வளரும் இந்தப் புற்று, உறுப்பு பெற்றவர் உடலில் வேகமாக வளர்கிறது. ஒரே ஆளுக்குப் பல இடங்களில் அடுத்தடுத்து முளைக்கிறது. நிணநீர்க் கணுக்களுக்குப் பரவும் வாய்ப்பும் அதிகம்.

"அது வெள்ளைக்காரர்களுக்கு வருகிற நோய், நம் கறுப்புத் தோலுக்கு வராது" என்ற பதில் உடனே வரும். பொதுமக்கள் மட்டுமல்ல, மருத்துவம் படித்தவர்களே இப்படிச் சொல்வதுண்டு. இதில் பாதி உண்மை இருக்கிறது. நம் தோலின் மெலனின் நிறமி புற ஊதாக் கதிரைப் பெருமளவு தடுத்துவிடுகிறது. அதனால், ஆஸ்திரேலியக் கணக்கை அப்படியே இங்கே பொருத்தி யாரையும் பயமுறுத்தக் கூடாது. நம்மவர்களுக்கு ஆபத்து வெள்ளையர்களைவிடப் பல மடங்கு குறைவு.

ஆனால், குறைவு என்பதற்கு இல்லை என்று பொருள் இல்லை. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் உறுப்பு மாற்று பெற்ற 413 பேரைத் தோல் மருத்துவர்கள் தலை முதல் கால் வரை பரிசோதித்து, 2016-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்களுள் வெள்ளையர் அல்லாதவர் 259 பேர். அந்த 259 பேரில் 15 பேருக்குத் தோல் புற்று இருந்தது. ஆசிய வம்சாவளியினருக்குப் பெரும்பாலும் வெயில் படும் இடங்களில் வந்திருந்தது. கறுப்பினத்தவருக்கோ வெயிலே படாத இடங்களில், குறிப்பாகப் பிறப்புறுப்பை ஒட்டிய பகுதிகளில் வந்திருந்தது. ஹெச்.பி.வி. எனப்படும் மரு வைரஸின் தடயமும் அவற்றில் தெரிந்தது. அந்த இடங்களை நோயாளியும் காட்டுவதில்லை, மருத்துவரும் கேட்பதில்லை என்பதால் நோய் முற்றும் வரை யாருக்கும் தெரியாமல் போகிறது.

நிறம் கூடிய தோலில் புற்று வேறு இடங்களிலும் ஒளிந்துகொள்ளும். மெலனோமா என்னும் கொடிய வகை, நம்மவர்களுக்கு வந்தால் பெரும்பாலும் உள்ளங்காலில், உள்ளங்கையில், நகத்துக்கு அடியில் வருகிறது. பழைய தீக்காயத் தழும்பிலும் ஆண்டுக்கணக்கில் ஆறாத புண்ணிலும் செதிள் செல் புற்று வருவதை நம் அறுவை சிகிச்சை நிபுணர்கள் நன்கு அறிவார்கள். காஷ்மீரில் குளிருக்காக உடலோடு அணைத்துக்கொள்ளும் காங்கிரிச் சட்டியின் சூட்டினால் வயிற்றிலும் தொடையிலும் புற்று வருவதும், வேட்டியை இறுக்கிக் கட்டும் இடுப்பில் வரும் புற்றும் இந்திய மருத்துவ நூல்களில் நெடுங்காலமாகப் பதிவாகியிருக்கின்றன. இந்தியத் தோலுக்குப் புற்று வராது என்று இத்தனைக்குப் பிறகும் சொல்வது பொறுப்பற்ற பேச்சு.

இப்போது ஏன் இந்த அவசரம் என்று கேட்கலாம். காலக் கணக்கைப் பார்த்தால் காரணம் புரியும். இந்த நோய் பெரும்பாலும் அறுவை முடிந்த மறுவருடமே வருவதில்லை. மாத்திரை சாப்பிட்ட ஆண்டுகள் கூடக் கூட, பத்தாம் ஆண்டுக்கும் இருபதாம் ஆண்டுக்கும் இடையில்தான் எண்ணிக்கை செங்குத்தாக ஏறுகிறது. இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று 1971-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் நடந்தது என்றாலும், தமிழ்நாட்டில் மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளை முறைப்படி பகிர்ந்தளிக்கும் திட்டம் 2008-இல்தான் தொடங்கியது. அந்தத் திட்டத்தில் முதலில் பயன் பெற்றவர்கள் இப்போது ஆபத்தான அந்தக் காலகட்டத்தில் இருக்கிறார்கள். முன்னைவிட அதிகம் பேர் உறுப்பு பெறுகிறார்கள். முன்னைவிட அதிக நாள் வாழ்கிறார்கள். வெற்றி கூடக் கூட, இந்த நோய்க்கு ஆளாகக்கூடியவர்களின் எண்ணிக்கையும் கூடத்தான் செய்யும். வெள்ளம் வந்த பிறகு கரை கட்டி என்ன பயன்?

ஆபத்தைக் கூட்டும் காரணங்கள் இன்னவை என்பது மருத்துவ உலகம் நன்கு அறிந்த விஷயம். வயது கூடிய பிறகு உறுப்பு பெற்றவர்கள், முன்பே தோல் புற்று வந்து போனவர்கள், ஆண்கள், புகைப்பவர்கள், வாழ்நாள் முழுக்க வெயிலில் உழைத்தவர்கள் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். இதயம், நுரையீரல் பெற்றவர்களுக்கு மாத்திரையின் வீரியம் அதிகம் தேவைப்படுவதால், சிறுநீரகம், கல்லீரல் பெற்றவர்களைவிட அவர்களுக்கு ஆபத்து கூடுதல். மருந்துகளிலும் வேறுபாடு உண்டு. நெடுங்காலமாகப் பயன்பாட்டில் உள்ள, விலை குறைந்த அசதயோபிரின் மாத்திரை, தோலைப் புற ஊதாக் கதிரால் மேலும் எளிதில் பாதிக்கப்படக்கூடியதாக்குகிறது. சைக்ளோஸ்போரின், சேதமான மரபணுவைச் செல் தானே சீர்செய்துகொள்ளும் வேலையைக் கெடுக்கிறது. பூஞ்சைத் தொற்றுக்குத் தரும் வோரிகோனசோல், ரத்த அழுத்தத்துக்குத் தரும் ஹைட்ரோகுளோரோதயசைடு ஆகியவையும் வெயிலோடு சேர்ந்து தோலைப் பாதிக்கக்கூடியவை. இந்த மருந்துகளைச் சாப்பிடுபவர் யாராக இருந்தாலும், வெயிலைப் பற்றிய எச்சரிக்கை அவருக்கு மருந்துச் சீட்டோடு சேர்ந்தே கிடைக்க வேண்டும்.

இனி வட சென்னைக்கு வருவோம். சென்னை பூமத்திய ரேகையிலிருந்து 13 பாகைதான் வடக்கே இருக்கிறது. புற ஊதாக் கதிரின் வீரியத்தை அளக்கும் குறியீடு 3-ஐத் தொட்டாலே தற்காப்பு தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். 11-ஐத் தொட்டால் மிகக் கடுமை என்கிறது. கோடைக்காலத் தெளிந்த நண்பகலில் சென்னையில் அது 11-ஐத் தாண்டுவது வழக்கமான விஷயம். அந்த நண்பகலில் ஏ.சி. அறைக்குள் உட்கார்ந்திருப்பவர்களின் ஊர் அல்ல இது. மீனவர், மீன் விற்கும் பெண்கள், துறைமுகக் கூலித் தொழிலாளர், லாரி ஓட்டுநர், மெக்கானிக், பெயின்டர், கொத்தனார், உப்பளத் தொழிலாளர் ஆகியோரின் ஊர்.

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. ஆனால், காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் அந்த நாட்களில் யாரும் நிழலில் ஓய்வெடுப்பதில்லை. படகின் அடிப்பாகத்தைச் சுரண்டுவது, பலகை மாற்றுவது, பெயின்ட் அடிப்பது, வலை பின்னுவது என்று ஆண்டின் வேலைகள் எல்லாம் அப்போதுதான் நடக்கின்றன. கைவைத்த பனியனும் மடித்துக் கட்டிய லுங்கியுமாக, தலையில் ஒரு துண்டோடு, ஆண்டிலேயே கதிர் வீரியம் உச்சத்தில் இருக்கும் நாட்களில், நிழல் இல்லாத கரையில் உழைக்கிறார்கள். மேலிருந்து வரும் வெயில் போதாதென்று, தண்ணீரிலும் வெளிர் பெயின்ட்டிலும் பட்டுத் திரும்பும் வெயிலும் முகத்தில் அடிக்கிறது. கரையில் கூடையை வைத்துக்கொண்டு மீன் விற்கும் பெண்களுக்கு முகம், கழுத்தின் பின்புறம், முன்கை என்று எல்லா இடங்களிலும் காலை முதல் வெயில்.

எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலி சாலையிலும் கண்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்குள் நுழைய வரிசையில் காத்துக்கிடப்பதை வட சென்னைக்காரர்கள் அனைவரும் பார்த்திருப்பார்கள். அந்த லாரி ஓட்டுநர் ஒருவரின் இரண்டு முன்கைகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். ஜன்னல் ஓரமாக இருக்கும் வலது கை கறுத்துத் தடித்துச் சுருங்கியிருக்கும். இடது கை அப்படி இருக்காது. கண்ணாடியை ஏற்றி விட்டாலும் புற ஊதாக் கதிரில் ஒரு பகுதி ஊடுருவத்தான் செய்யும். இருபது வருட வெயில் ஒரு கையில் எழுதிவைத்த கணக்கு அது. இந்தக் கையோடுதான் அவர் ஒரு நாள் சிறுநீரகம் செயலிழந்து மருத்துவமனைக்கு வருகிறார். அறுவைக்கு முன்பு சேர்ந்த வெயிலின் சேதமும் புற்றுக்கு விதைதான். அதை யாரும் குறித்துக்கொள்வதில்லை.

வெயிலோடு நின்றுவிட்டால் பரவாயில்லை. லண்டன் நகரின் புகைபோக்கிகளைச் சுத்தம் செய்த சிறுவர்களுக்குப் பின்னாளில் விரைப்பையின் தோலில் புற்று வருவதை பெர்சிவல் பாட் என்னும் அறுவை மருத்துவர் 1775-இலேயே எழுதினார். தொழிலால் வரும் புற்று என்று மருத்துவம் முதன்முதலாகக் கண்டுகொண்டது அதைத்தான். முயலின் காதில் தாரைத் திரும்பத் திரும்பத் தடவிப் புற்றை உண்டாக்கிக் காட்டிய ஆய்வை யாமகிவா, இச்சிகாவா என்ற இரு ஜப்பானியர்கள் 1915-இல் செய்தார்கள். புகைக்கரி, தார், சுத்திகரிக்கப்படாத கனிம எண்ணெய், ஆர்சனிக் ஆகியவை தோல் புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது.

இவற்றில் எதற்கு எண்ணூரில் பஞ்சம்? 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கசிந்த எண்ணெய், எர்ணாவூர்க் கரையில் கரும்பாகு போல் ஒதுங்கியது. அதை இளைஞர்களும் மீனவர்களும் வாளியில் அள்ளியதை நாடே பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் அடித்துவரப்பட்டு எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்தபோதும், மீனவர்கள்தான் படகில் போய் அதை அள்ளினார்கள். அனல் மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் கலப்பதைப் பற்றிய வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிற்று. அந்தச் சாம்பலில் ஆர்சனிக் உள்ளிட்ட நச்சுத் தனிமங்கள் உண்டு. திருவொற்றியூர் சாலையோர லாரிப் பட்டறைகளில் பழைய இன்ஜின் ஆயில் ஊறிய துணியோடு நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு, டீசலை ஊற்றிக் கை கழுவும் மெக்கானிக்குகள் இன்றும் இருக்கிறார்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஒருமுறை எண்ணெய் அள்ளியதால் இன்னாருக்குப் புற்று வந்தது என்று இந்தத் தலையங்கம் சொல்லவில்லை. ஆர்சனிக்கின் பாதிப்பு பெரும்பாலும் நெடுங்காலம் குடிநீரில் கலந்து வருவது. மேற்கு வங்கத்துக் கிராமங்கள் அதற்குச் சாட்சி. நாம் சொல்வது எளிய விஷயம். எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்கி வைத்திருக்கும் ஒருவர், வெயிலும் எண்ணெயும் கரியும் சாம்பலும் சூழ்ந்த இடத்தில் தற்காப்பு இல்லாமல் உழைக்கக் கூடாது. ஆனால், வட சென்னையில் அவர் உழைக்காமல் இருக்க முடியாது. "வெயிலில் போகாதீங்க" என்று மருத்துவர் சொல்வார். மூன்று வருட டயாலிசிஸில் நகையும் போய், வட்டிக்கு வாங்கிய கடனும் சேர்ந்துபோன குடும்பத்துக்கு அந்த அறிவுரையை எப்படிக் கடைப்பிடிப்பது என்று யார் சொல்வார்கள்? உடம்பு தேறியதும் அவர் பழைய படகுக்கோ பழைய லாரிக்கோதான் திரும்புகிறார்.

இந்தப் பகுதிக்கு நாம் பட்ட கடன் ஒன்றும் இருக்கிறது. 2004 சுனாமியில் வீடிழந்து எர்ணாவூரில் குடியமர்த்தப்பட்ட மீனவக் குடும்பங்களைச் சேர்ந்த பெண்கள், வறுமை தாங்காமல் தங்கள் சிறுநீரகத்தைத் தரகர்களிடம் விற்ற செய்தி 2007-இல் வெளிவந்து நாட்டையே உலுக்கியது. பணம் படைத்தவர்களுக்கு இந்தக் குப்பங்களிலிருந்து சிறுநீரகம் போன காலம் அது. அதற்குப் பிறகுதான் மூளைச்சாவு அடைந்தவர்களின் தானத்தை வரிசைப்படி, ஏழை பணக்காரர் வேறுபாடின்றிப் பகிரும் முறை வந்தது. அந்த நியாயம் அறுவை அறையோடு முடிந்துவிடக் கூடாது. உறுப்பு கிடைத்த ஏழை, அது கிடைத்ததன் பின்விளைவால் பதினைந்தாம் வருடம் சாகாமல் பார்த்துக்கொள்வதும் அதே நியாயத்தின் பகுதிதான்.

மருத்துவமனையில் என்ன நடக்கிறது? உறுப்பு பெற்றவர் மாதாமாதம், பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை புறநோயாளிப் பிரிவுக்கு வருகிறார். கிரியேட்டினின் எவ்வளவு, டாக்ரோலிமஸ் லெவல் எவ்வளவு, சர்க்கரை, பிரஷர் எவ்வளவு என்று பார்க்கிறார்கள். மாத்திரை வாங்கிக்கொண்டு போகிறார். வரிசையில் நூறு பேர் நிற்கும்போது ஒரு மருத்துவரால் இதற்கு மேல் செய்ய முடிவதில்லை. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால், சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டச் சொல்வதும், செருப்பைக் கழற்றி உள்ளங்காலைப் பார்ப்பதும் வழக்கத்தில் இல்லை என்பதுதான் நிலை. கையில் தடித்த சொரசொரப்பை நோயாளி "மரு" என்பார். காலில் இருப்பதைக் "கால் ஆணி" என்பார். மெடிக்கல் ஷாப்பில் "படைக்கு ஒரு ட்யூப்" கேட்டு வாங்கி ஸ்டீராய்டு களிம்பைத் தடவுவார். மருவுக்குச் சுண்ணாம்பு வைப்பவர்களும் உண்டு. ஆறாத புண்ணை ஆறு மாதம் அப்படியே ஓட்டிவிட்டு, அக்குளிலோ தொடை இடுக்கிலோ கட்டி தெரிந்த பிறகு வருவார். ஆரம்பத்தில் மரத்துப்போக ஊசி போட்டு அரை மணி நேரத்தில் வெட்டி எடுத்து முடித்திருக்க வேண்டிய விஷயம், உயிர்ப் பிரச்சினையாகிவிடும்.

சீக்கிரம் கண்டுபிடித்தால் வெட்டி எடுப்பதோடு இன்னொரு வழியும் திறக்கிறது. ஏற்கெனவே ஒரு முறை செதிள் செல் புற்று வந்த சிறுநீரக மாற்று நோயாளிகளைச் சிரோலிமஸ் என்ற வேறு மருந்துக்கு மாற்றிப் பார்த்த ஐரோப்பிய ஆய்வு 2012-இல் வெளியானது. பழைய மருந்தையே தொடர்ந்தவர்களில் 39 சதவீதம் பேருக்கு மறுபடியும் புற்று வந்தது. மாற்றப்பட்டவர்களில் 22 சதவீதம் பேருக்கே வந்தது. அந்த மருந்துக்கும் பக்கவிளைவுகள் உண்டு, எல்லோருக்கும் பொருந்தாது. ஆனால், தோலில் என்ன நடக்கிறது என்று பார்த்தால்தானே மருந்தை மாற்றலாமா என்ற யோசனையே எழும்?

எனவே அரசும் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையமும் உடனே செய்ய வேண்டியவை சில உண்டு.

முதலாவதாக, உறுப்பு பெற்ற ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒரு முறை தலை முதல் கால் வரை தோல் பரிசோதனையைக் கட்டாயமாக்க வேண்டும். வாய், பிறப்புறுப்பு, ஆசனவாய்ப் பகுதி, உள்ளங்கால், நகம் ஆகியவை அதில் அடங்க வேண்டும். பெண் நோயாளிகளைப் பார்க்கப் பெண் மருத்துவர் இருக்க வேண்டும். உறுப்பு மாற்றுப் பிரிவும் தோல் பிரிவும் ஒரே வளாகத்தில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மாதத்தில் ஒரு நாள் இரு பிரிவு மருத்துவர்களும் சேர்ந்து நோயாளியைப் பார்க்கும் ஓ.பி. நடத்துவதற்குப் புதிய கட்டடமோ கருவியோ தேவையில்லை. வட சென்னையில் அதை ஸ்டான்லியிலேயே தொடங்கலாம்.

இரண்டாவதாக, உறுப்பு மாற்றுக்குப் பெயர் பதிவு செய்யும்போதே தோலைப் பரிசோதித்து, நோயாளியின் தொழிலையும் அவர் வெயிலில் கழித்த ஆண்டுகளையும் எழுதிவைக்க வேண்டும். ஹெச்.பி.வி. தடுப்பூசி யாருக்குப் பொருந்துமோ அவர்களுக்கு அறுவைக்கு முன்பே போட்டுவிட வேண்டும். எதிர்ப்புச் சக்தி அடங்கிய பிறகு தடுப்பூசியின் பலன் குறைந்துவிடும்.

மூன்றாவதாக, கணக்கு வேண்டும். அடையாறு புற்றுநோய் நிறுவனம் 1982 முதல் சென்னையின் புற்றுநோய்ப் பதிவேட்டை நடத்திவருகிறது. எத்தனை உறுப்புகள் பொருத்தப்பட்டன என்ற கணக்கு உறுப்பு மாற்று ஆணையத்திடம் இருக்கிறது. இந்த இரண்டு பதிவேடுகளையும் இணைத்து, உறுப்பு பெற்றவர்களில் எத்தனை பேருக்கு எந்த வகைப் புற்று, எந்த ஆண்டில், எந்தத் தொழில் செய்தவருக்கு வந்தது என்று ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். எத்தனை அறுவைகள் நடந்தன என்பதை மட்டும் அறிவித்தால் சாதனையின் ஒரு பக்கம்தான் தெரியும்.

நான்காவதாக, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு வீடு தேடி வரும் தன்னார்வலர்களுக்குத் தோலின் அபாய அறிகுறிகளைக் கற்றுத்தர வேண்டும். தங்கள் பகுதியில் உறுப்பு பெற்றவர் யார் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆறாத புண்ணைப் பார்த்து, "தோல் டாக்டர்கிட்ட காட்டுங்கக்கா" என்று சொல்லும் முதல் ஆள் அவர்களாக இருக்கலாம்.

ஐந்தாவதாக, உறுப்பு பெற்ற தொழிலாளிக்கு மாற்று வேலை வேண்டும். துறைமுகம், சுத்திகரிப்பு ஆலை, மின் நிலையம் ஆகியவற்றில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தாலும் அவருக்கு நிழலில் செய்யும் வேலை தரப்பட வேண்டும். எண்ணெய்க் கசிவு ஏற்பட்டால் அதை அள்ளுவது குப்பத்து மக்களின் வேலை அல்ல. தகுந்த உடையோடும் கையுறையோடும் அதற்கென உள்ளவர்கள் செய்ய வேண்டிய வேலை. காசிமேட்டுக் கரையில் படகு பழுது பார்க்கும் இடத்திலும் மீன் விற்கும் இடத்திலும் நிழற்கூரை அமைப்பது பெரிய செலவு அல்ல. நோயாளிகளுக்கு வெயில் தடுப்புக் களிம்பையும் மாத்திரையோடு சேர்த்து இலவசமாக வழங்க வேண்டும். அதை அழகு சாதனப் பொருளாக நினைத்து ஒதுக்கக் கூடாது. இவர்களுக்கு அது மருந்து.

உறுப்பு பெற்றவர்களுக்கும் அவர்களுடைய குடும்பத்தினருக்கும் நாம் சொல்ல வேண்டியது உண்டு. பயப்பட வேண்டாம். பயந்துபோய் மாத்திரையை நிறுத்திவிடவே வேண்டாம். நிறுத்தினால் சில வாரங்களிலேயே உறுப்பு கைவிட்டுப் போகலாம். மருந்தைக் குறைப்பதா மாற்றுவதா என்பதை உங்கள் மருத்துவர் மட்டுமே முடிவு செய்ய வேண்டும். நீங்கள் செய்யக்கூடியது, வெயில் ஏறும் காலை பத்து மணியிலிருந்து மாலை மூன்று மணி வரை முடிந்தவரை நிழலில் இருப்பது. முடியாதபோது முழுக்கைச் சட்டையும், காதையும் பிடரியையும் மறைக்கும் அகன்ற தொப்பியோ துண்டோ அணிவது. பீடி, சிகரெட்டை விடுவது. எண்ணெயோ தாரோ பட்டால் டீசலால் துடைக்காமல் சோப்புப் போட்டுக் கழுவுவது.

மாதம் ஒரு நாள் குளிக்கும்போது உடம்பு முழுவதையும் கண்ணாடியில் பாருங்கள். முதுகையும் பிடரியையும் வீட்டில் உள்ளவரைப் பார்க்கச் சொல்லுங்கள். நான்கு வாரத்துக்கு மேல் ஆறாத புண், தொட்டால் ரத்தம் வரும் கட்டி, வேகமாகப் பெரிதாகும் மரு, உதிர்ந்து உதிர்ந்து வரும் சொரசொரப்பு, உதட்டில் ஆறாத வெடிப்பு, கருஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ தடிக்கும் திட்டு, உள்ளங்காலில் பரவும் கறுப்பு, நகத்தில் புதிதாகத் தோன்றி அகலமாகும் கருங்கோடு ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அடுத்த செக்-அப் வரை காத்திருக்காதீர்கள். கூச்சப்பட வேண்டிய இடத்தில் இருந்தாலும் சொல்லிவிடுங்கள். "நான் கிட்னி மாத்தினவன், இந்த மாத்திரை சாப்பிடுகிறேன்" என்று தோல் மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

துக்கத்தின் நடுவில் ஒரு குடும்பம் எடுத்த முடிவால் கிடைத்தது அந்த உறுப்பு. அதைப் பெற்றவர், நாம் பார்க்க மறந்த ஒரு புண்ணால் இறந்துபோனால், அதற்கான பொறுப்பு மருத்துவமனைக்கும் அரசுக்கும் சமூகத்துக்கும் உண்டு. சட்டையைக் கழற்றச் சொல்லித் தோலைப் பார்ப்பதற்குப் பணம் எதுவும் செலவாகாது. பத்து நிமிடம்தான் ஆகும். அரசு அதை இந்த மாதமே உத்தரவாகப் போட வேண்டும்.